வத்தல் கடைக்காரரின் பித்தப்பை

என் வீட்டுக்காரரின் பித்தப்பையிலிருந்து இருபத்து மூன்று கற்களை எடுத்தார்கள். அவரிடம் கேட்டால் முப்பது என்பார். எண்ணிப் பார்த்தவள் நான். அதனால் இருபத்து மூன்று என்றே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகர் பஜாரில் அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். கரிசல்காட்டு ஊர்களிலிருந்து வண்டிகளில் வந்து இறங்கும் வத்தலை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை போட்டு வெளியூர்களுக்கு ரயிலேற்றுவார். ஒரு வத்தலைக் காம்போடு எடுத்து, ஒடித்து, மோந்து பார்த்தாரென்றால் அது எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். தன் வயிற்றுக்குள் என்ன விளைந்துகொண்டிருந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதல் வலி சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அன்று வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாக ஏறித் தோள்பட்டை வரைக்கும் போய் நின்றது. ஆறடி ஆள் தரையில் சுருண்டு படுத்துக்கொண்டு, "என்னமோ கடிக்குது பிள்ளை, உள்ள இருந்து கடிக்குது" என்றார். வாயு என்று எல்லோரும் சொன்னார்கள். சுக்கு, பெருங்காயம், ஓமம் என்று வீட்டிலிருந்த அத்தனையும் அவருக்குள்ளே போனது. வலி தானாகவே போனது. ஒரு மாதம் கழித்துத் தானாகவே வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது கூடவே காய்ச்சலும் வந்தது. மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவரின் கண்ணைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

"ஏங்க, கண்ணு மஞ்சளா இருக்கே!"

"வத்தல் கடைக்காரன் கண்ணு செவக்கும். மஞ்சளா எப்படி ஆகும்? வெளிச்சத்துல வந்து பாரு."

வெளிச்சத்தில் இன்னும் மஞ்சளாக இருந்தது.

தெற்குத் தெருவில் ஒருவர் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உப்பு, புளி, எண்ணெய், காரம் எதுவும் ஆகாது. மோரும் சோறுமாக அவர் பத்து நாள் கிடந்தார். மஞ்சள் இறங்கிவிட்டது. கீழாநெல்லியின் பெருமையைக் கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு ஓயுமுன்னே வலி திரும்பவும் வந்தது. இந்த முறை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. இரண்டு சேலையையும் அவருடைய நாலு வேட்டியையும் ஒரு பையில் திணித்து, அவரை மதுரை பாசஞ்சரில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர். கல்லீரல், பித்தக்குழாய் சம்பந்தமான நோய்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவர் என்று நர்ஸ் சொன்னாள். ஆராய்ச்சி என்றால் என்ன என்பது அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வலி எந்த நாள் வந்தது, என்ன சாப்பிட்ட பிறகு வந்தது, எத்தனை மணி நேரம் இருந்தது, மூத்திரம் என்ன நிறம், மலம் என்ன நிறம், உடம்பு அரித்ததா. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் "சும்மா லேசா" என்றே பதில் சொன்னார். நான் பின்னால் நின்றுகொண்டு நாள், கிழமையோடு சொன்னேன். நான்காவது கேள்விக்குப் பிறகு டாக்டர் அவரைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

எக்ஸ்ரே எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொஞ்சம் மாத்திரைகளை விழுங்கச் சொன்னார்கள். காலையில் ஒரு படம் எடுத்தார்கள். பிறகு இரண்டு அவித்த முட்டையும் ஒரு கட்டி வெண்ணெயும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், அப்போது இன்னொரு படம் எடுப்பார்களாம். இத்தனை நாள் மோர்ச் சோற்றில் கிடந்தவர் அந்த வெண்ணெயைச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து எக்ஸ்ரே அறைக்காரர் திரும்பி நின்றுகொண்டார்.

"படம் சரியா விழலைன்னா நாளைக்கும் எடுங்க. எனக்கு ஒண்ணும் சிரமமில்லை" என்றார் என் வீட்டுக்காரர்.

படம் சரியாகவே விழுந்திருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். "கல்லீரல்ல சுரக்கிற பித்தநீர் இந்தப் பையில வந்து தங்கும். சாப்பிட்டதும் இந்தக் குழாய் வழியாக் குடலுக்கு இறங்கும். உங்க பையில கல்லு இருக்கு. அதுல ஒண்ணு நழுவி வந்து குழாயை அடைச்சிருக்கு, அதான் காமாலை. அப்புறம் அடைப்பு விலகியிருக்கு, மஞ்சள் இறங்கியிருக்கு."

"அப்போ கீழாநெல்லி?"

டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டும் ஒரே சமயத்துல நடந்திருக்குங்க" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையை எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து அதில் கிடந்ததையும் எடுத்தார்கள். பித்தநீர் வடிவதற்காக ஒரு ரப்பர் குழாயை வயிற்றிலிருந்து வெளியே விட்டு, கட்டிலோடு ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் முனகிக்கொண்டே கிடந்தார். மூன்றாம் நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். அன்றிலிருந்து ஆள் தேறிவிட்டார்.

பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதே அவருக்கு வேலையாகிப் போனது. பஜாரில் எங்கள் கடையை ஒட்டிக் கொத்தமல்லி வியாபாரம் செய்கிறவர் ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்தார். அவர் குனிந்து பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, செக்கு நல்லெண்ணெய் கணக்கா இருக்கே!"

"கசடு இல்லை, பாத்தீகளா?" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ தான் ஆட்டி எடுத்தது போல.

மல்லிக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மதினி, பித்தப்பையையே எடுத்துட்டாகளே, இனிமே அண்ணாச்சிக்குக் கோவம் வராதுல்ல?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அன்று சாயங்காலம் கஞ்சியில் உப்பில்லை என்று வார்டே அதிரக் கத்தினார். நம்பிக்கை போய்விட்டது.

நான்காம் நாள் டாக்டர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கொண்டுவந்தார். அதில் கற்கள் இருந்தன. கல் என்றதும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி நினைத்திருந்தேன். இவை மிளகு போலக் கன்னங்கரேல் என்று, சொரசொரப்பாக இருந்தன. சில மிளகைவிடப் பெரியவை, சில உடைந்த துணுக்குகள். என் வீட்டுக்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து விரலால் உருட்டினார். நகத்தால் சுரண்டினார். நான் தடுப்பதற்குள் மோந்தும் பார்த்துவிட்டார். பிறகு தட்டிலேயே மூன்று குவியலாகப் பிரித்தார்.

"இது ஒண்ணாந்தரம். இது நடுத்தரம். இது பொடி. நல்லாக் காஞ்ச சரக்கு டாக்டர், ஈரம் இல்லை."

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எதை வச்சுப் பிரிச்சீங்க? அளவு மட்டுமா, மேல் பளபளப்புமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அடுத்த நிமிஷமே சண்டை. வடக்கே எடுக்கிற கற்கள் பெரும்பாலும் பெரிதாக, வெளிறி இருக்கும் என்றும், நம் பக்கத்தில் இப்படிக் கறுப்பாக நிறைய வருகிறது என்றும் டாக்டர் சொன்னார். ஏன் அப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம். சாப்பாடா, தண்ணீரா, வேறு ஏதாவதா என்று தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், இந்தக் கற்களை வெட்டி, பொடித்து, கரைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"பொடிக்கவா?" என்றார் என் வீட்டுக்காரர். "அது என் கல்லு."

"உங்களுக்கு இதனால என்னங்க பிரயோஜனம்?"

"ஊர்ல வந்து கேப்பாங்கள்ல? அம்புட்டு வலி பட்டேனே, எதைக் காட்டுவேன்? நீங்க மாதிரிக்கு நாலு எடுத்துக்கிடுங்க. எந்த வியாபாரியும் மாதிரிக்கு மூட்டையோட கேக்க மாட்டான்."

அரைமணி நேரம் பேசினார்கள். நர்ஸ்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் டாக்டருக்குப் பதினெட்டு, எங்களுக்கு ஐந்து என்று முடிந்தது. அந்த ஐந்தையும் ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார். ரயிலில் எதிரே இருந்த ஒரு பெரியவரிடம் டப்பாவைத் திறந்து நீட்ட, அவர் ஏதோ சூரண உருண்டை என்று நினைத்து ஒன்றை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். நான் கத்தின கத்தலில் கள்ளிக்குடியில் இறங்க வேண்டியவர்கள் திருப்பரங்குன்றத்திலேயே எழுந்து நின்றுவிட்டார்கள்.

இரண்டு மாதம் அமைதியாகப் போனது. அப்புறம் ஒரு கார்டு வந்தது. கார்டு கடை விலாசத்துக்கு வந்ததுதான் வினை. 'தங்கள் வீட்டு உணவுப் பழக்கங்களை, குறிப்பாக அரிசி, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவற்றின் அளவை, நேரில் வந்து கேட்டுக் குறித்துக்கொள்ள விரும்புகிறேன்' என்று டாக்டர் எழுதியிருந்தார். மல்லிக்காரர்தான் முதலில் படித்தார். அவர் கண்ணுக்கு அரிசியும் புளியும் படவில்லை. மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கப் பரவிவிட்டது: மிளகாய் தின்றால் வயிற்றில் கல் வரும் என்று மதுரை டாக்டர் ஒருவர் எழுதப்போகிறார், அதற்குச் சாட்சி நம்ம அண்ணாச்சிதான்.

அன்று சாயங்காலம் வத்தல் வியாபாரிகள் நாலு பேர் மல்லிக்காரர் தலைமையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். யாரும் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஊரே இந்தச் சரக்கை நம்பி இருக்கு. நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா பேப்பர்ல போட்டுருவாக. அப்புறம் மெட்ராஸ்காரன் வத்தல் வாங்குவானா?"

"நான் என்ன செய்யணுங்கிறீக?"

"உங்க வீட்டுல மிளகாயே சேக்கிறதில்லைன்னு சொல்லிருங்க."

வத்தல் கடைக்காரர் வீட்டில் மிளகாய் சேர்ப்பதில்லை என்றால் யார் நம்புவார்கள் என்று நான் கேட்டேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். "மதினி, நீங்க சும்மா இருந்தாப் போதும்" என்றார் மல்லிக்காரர்.

டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஸ்டேஷனிலிருந்து பஜார் வழியாக நடந்தே வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் வத்தல் சீசனில் பஜாருக்குள் நுழைந்தால் புது ஆளுக்குத் தும்மல் நிற்காது. எங்களுக்கெல்லாம் மூக்கு மரத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது அவர் கண்ணும் மூக்கும் சிவந்து, கண்ணாடி நழுவி, யாரோ அடித்துப்போட்ட ஆள் மாதிரி இருந்தார். உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"உங்க வீட்டுல ஒரு நாளைக்கு... அச்... மிளகாய் எவ்வளவுங்க... அச்..."

"காரம் எங்களுக்கு ஆகாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர், தூணைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி பருப்புஞ்சோறுதான். நெய்கூடப் பேருக்குத்தான்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வர, அதை இருமலாக மாற்றினேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் முதல்நாள் அரைத்த மிளகாய்ப்பொடி ஒரு முறம் நிறைய ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுவீங்களா அம்மா? ஒரு மாசம். இவர் என்னென்ன சாப்பிடுறார், அதுல என்னென்ன, எவ்வளவு சேருது. சமையலை மாத்த வேண்டாம். நல்லாருக்கணும்னு எழுத வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதணும். அப்புறம் இந்தத் தெருவுல இவர் வயசு ஆளுங்க இருக்கிற, இந்த நோவு வராத நாலு வீடு. அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னும் வேணும். அப்பதான் ஒத்துப்பாக்க முடியும்."

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி, அதே வருஷம் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் என் கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலிருந்து என் வீட்டுக்காரர் புது மனிதராகிவிட்டார். "ரசத்துக்கு மிளகாய் கிள்ளாதே. குழம்புல பாதி போடு. துவையல் வேண்டாம்." சமையலை மாற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன். "சமைக்கிறது நீ. சொல்றது நான். டாக்டர் மதுரையில இருக்காரு" என்றார். நோட்டில் இப்படி எழுதினேன்: 'ரசம். மிளகாய் வழக்கமாக மூன்று. இன்று இல்லை, வீட்டுக்காரர் சொன்னதால்.'

ஐந்து நாள் அவர் அந்த வெளிறின சாப்பாட்டைச் சாப்பிட்டார். ஆறாம் நாளிலிருந்து முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வீட்டில் இரண்டே இட்லி தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்துகொண்டார். நான் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். நெஞ்சுப் பக்கத்தில் சிவப்பாக, எண்ணெயோடு, உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மோந்து பார்த்தேன். வத்தலை மோந்து ஊர் சொல்கிறவரின் பெண்டாட்டிக்கு அதுகூடவா தெரியாது? ஸ்டேஷன் பக்கத்துப் பரோட்டாக் கடைச் சால்னா.

"எத்தனை பரோட்டா?" என்று கேட்டேன்.

"என்ன பரோட்டா?"

"எண்ணெய்ல பொரிச்சதா, சாதாவா? டாக்டர் எண்ணெய் அளவு கேட்டிருக்காரு."

"ஏ பிள்ளை, நீ எனக்குப் பெண்டாட்டியா, அந்த டாக்டருக்குக் கம்பவுண்டரா?"

அன்று நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'இரவு. வீட்டில்: இட்லி இரண்டு. வெளியில்: பொரித்த பரோட்டா, காரச் சால்னா. எத்தனை என்று சொல்ல மறுக்கிறார். கறையைப் பார்த்தால் நான்குக்குக் குறையாது.' மறுநாள் மல்லிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். "ஆறு மதினி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்கை அடித்து ஆறு என்று திருத்தினேன்.

நாலு வீட்டுக் கதை இதைவிட மோசம். நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றதும் எல்லா வீட்டிலும் தினம் விருந்தாகிவிட்டது. இரண்டு வீடு தள்ளியிருந்தவள் தினமும் நெய்ச்சோறும் பாயசமும் என்றாள். எதிர்வீட்டுக்காரி, "அவ நெய்ச்சோறா? எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை ரெண்டு கோழி, எழுதிக்கோ" என்றாள். அவள் வீட்டிலிருந்து கோழி வாசனை வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மதுரைக்குப் போகிற நோட்டு, அங்கிருந்து எங்கெங்கோ போகும், அதில் தன் வீட்டில் வெறும் புளிக்குழம்பு என்று இருக்கலாமா என்பது அவர்கள் கவலை. அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறாரே.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் ஒன்பது மணிக்கு, எல்லா வீட்டிலும் அம்மியில் மசாலா வைத்து அரைக்கத் தொடங்குகிற நேரத்தில், கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டுப் போவேன். பேசிக்கொண்டே அம்மியைப் பார்ப்பேன். ஏழு மிளகாய், ஒரு உருண்டைப் புளி, கால்மூடித் தேங்காய். வீட்டுக்கு ஓடி வந்து எழுதுவேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறிவேப்பிலை குவிந்து கிடந்தது. தெருவில் எனக்குக் கறிவேப்பிலைப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்களாம்.

இடையில் இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனோம். வயிற்று நோவு தீர்ந்தால் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக நான் வேண்டியிருந்தேன். அம்மன் சந்நிதிக்கு முன்னால் அவர் மல்லாந்து படுக்க, ஆபரேஷன் தழும்புக்கு மேலே வாழை இலைத் துண்டை வைத்து, மாவிளக்கை ஏற்றினோம். அவ்வளவு பெரிய தழும்பைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. படுத்த வாக்கிலேயே அவர் பித்தக்குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விளக்கத் தொடங்கினார். பேசப்பேச வயிறு ஆடி விளக்குச் சாய்ந்தது. "பேசாமக் கிடங்க, வேட்டி பத்திக்கிடும்" என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. அன்றைய பக்கத்தில்: 'மாவிளக்கு மாவு, வெல்லம், நெய். ஒரு கை.'

மாதம் முடிந்து நோட்டைக் கொடுக்க மதுரைக்குப் போனோம். அவரும் கூடவே வந்தார். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியாத பயம். மல்லிக்காரரும் 'மதுரையில் ஒரு சோலி இருக்கு' என்று ரயிலேறிவிட்டார்.

டாக்டர் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். பரோட்டாப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பஜார் நெடி மதுரை வரைக்குமா வந்துவிட்டது என்று மல்லிக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"டாக்டர், நேரா கேக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "மிளகாய் மேல பழி வருமா?"

டாக்டர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். "நீங்க சாப்பிட்ட அளவு காரம்தான் இந்த நாலு வீட்டுக்காரங்களும் சாப்பிடுறாங்க. ஒரு வீட்டுல உங்களைவிடக் கூட. அவங்களுக்கு நோவு இல்லை, உங்களுக்கு இருக்கு. அதனால மிளகாய்தான் காரணம்னு இதை வச்சு நான் சொல்ல முடியாது. இந்த அம்மா உண்மையை எழுதினதாலதான் இது தெரியுது. நீங்க சொன்னபடி காரமே சேக்கிறதில்லைன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? காரம் சாப்பிடுற நாலு பேருக்குக் கல்லு இல்லை, சாப்பிடாத ஒருத்தருக்கு மட்டும் கல்லுன்னு ஆகியிருக்கும்."

என் வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவுவதைப் பார்த்தேன்.

"அப்போ," என்றார் மெதுவாக, "மிளகாய் தின்னா கல்லே வராதுன்னு எழுதலாமே, டாக்டர்?"

"ஆமாங்க! அப்படி எழுதுங்க!" என்று மல்லிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எம்புட்டு காப்பி வேணுமோ சிவகாசியில நாங்களே அச்சடிச்சுத் தாரோம். கலர்ல!"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "ஐஞ்சு வீட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நிறைய வீடு வேணும். ஏன் கல்லு வருதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியலைன்னுதான் எழுதுவேன்."

தெரியாது என்பதை எழுதுவதற்கா இத்தனை தூரம் வந்து தும்மினார் என்று என் வீட்டுக்காரர் ரயிலில் ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கோ அந்தச் சொல் பிடித்திருந்தது. படித்த மனிதர் ஒருவர், இரண்டு வியாபாரிகள் தங்கள் பக்கமாக இழுக்கும்போது, தெரியாது என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஜாரில் என்னவோ மறுநாளே, மிளகாயில் ஒரு குற்றமும் இல்லை என்று மதுரை டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு வந்துவிட்டது. மல்லிக்காரர் எங்களுக்கு ஒரு சிப்பம் மல்லி அனுப்பிவைத்தார்.

அடுத்த வருஷம் டாக்டரின் கட்டுரை ஒன்று தபாலில் வந்தது, இங்கிலீஷில். கற்களின் படம் போட்டிருந்தது. எதிர்ச் சாரியில் குடியிருந்த இங்கிலீஷ் வாத்தியாரை வரவழைத்து, நாற்காலி போட்டு, படித்துச் சொல்லச் சொன்னோம். பெயர் எதுவும் இல்லை. 'ஒரு வியாபாரி' என்று இருந்தது.

"அப்புறம்?" என்றார் என் வீட்டுக்காரர், நிமிர்ந்து உட்கார்ந்து.

வாத்தியார் தயங்கினார். "'உடல் பருத்தவர்'னு போட்டிருக்கு."

"நானா?"

"'தன் உணவைப் பற்றி இவர் தரும் தகவல்கள் நம்பத் தகுந்தவை அல்ல'ன்னும் போட்டிருக்கு."

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். வாத்தியார் தொடர்ந்து படித்தார். கடைசிப் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நோயாளியின் மனைவி ஒரு மாத காலம் ஐந்து வீடுகளின் உணவை மிகுந்த கவனத்துடன் குறித்துக் கொடுத்தார்.' அவ்வளவுதான். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். வாத்தியார் படித்தார். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்ததால், காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

சில மாதம் கழித்து டாக்டரிடமிருந்து மறுபடியும் ஒரு கார்டு. இந்தத் தடவை என் பேருக்கு, வீட்டு விலாசத்துக்கு. சிவகாசியில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற ஒரு பெண்ணுக்கு இதே ஆபரேஷன் நடந்திருக்கிறது, அவள் ஆண்களிடம் வாயே திறப்பதில்லை, போய்ப் பார்த்து எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், தனியாக எப்படிப் போவாய் என்று சொல்லித் தானே பஸ்ஸில் இடம் பிடித்தார். திருத்தங்கல் வருவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் பித்தப்பையைப் பற்றித் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் வீட்டில் தரையெல்லாம் லேபிள் ஒட்டின பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. கால் வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அவள் விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"எதுக்கு எழுதுதீக?"

"வயித்துல ஏன் கல்லு வருதுன்னு தெரியலையாம். கண்டுபிடிக்கப் பாக்காக."

"நான் என்ன தின்னேன்னு சொன்னா மத்தவுக சிரிப்பாக."

"சிரிக்க மாட்டாக. பேரு போட மாட்டாக."

அவள் ஒரு லேபிளை எடுத்துப் பெட்டியில் ஒட்டினாள். "முதல்ல உங்க வீட்டுல நேத்து என்ன வச்சீகன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அதுவும் முந்தாநாள் வைத்தது, சுடவைத்து ஊற்றிக்கொண்டோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அப்புறம் அவளும் சொன்னாள்.